அடுத்தவர் வலி நமக்கு ஏன் வலிக்கிறது?

போன மாதம் ஓர் அம்மா தன் ஒன்பது வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், படிப்பிலும் சோடையில்லை. "அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டேன்.

"போன வாரம் எங்க மாமியார் வாசப்படியில வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர். இவன் பார்த்துட்டு சிரிக்கிறான். தூக்கி விடணும்னுகூடத் தோணலை. செல்போன எடுத்துட்டு வந்து படம் பிடிக்கப் பார்க்கிறான். இவனுக்கு மனசுல ஈரமே இல்லையோன்னு பயமா இருக்குங்க. நம்ம சித்த வைத்தியத்துல இதுக்கு ஏதாவது லேகியம் இருக்கா?"

சிரிக்காமல் பதில் சொன்னேன். லேகியம் இல்லை. சூரணம், தைலம், பஸ்பம் எதுவும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல.

கண் ஓடுவது

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த மாதம் வாடகைக்கே திண்டாடுவார்' என்று உங்களுக்குத் தெரிகிறது. இது அறிவால் புரிந்துகொள்வது. அவர் படியிறங்கிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்ததும் உங்கள் வயிற்றில் ஏதோ பிசைகிறது. இது உணர்வால் பங்குகொள்வது. இதைத்தான் ஒத்துணர்வு என்கிறோம். 'இரண்டு படி அரிசி கொடுத்து அனுப்பலாமா?' என்று எழுகிறீர்களே, அது பரிவு.

மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. கந்து வட்டிக்காரருக்கு உங்கள் கஷ்டம் நன்றாகவே புரியும். உங்களைவிட நன்றாகவே புரியும்! அதை வைத்துத்தானே அவர் தொழில் நடக்கிறது? புரிகிறது, ஆனால் உள்ளே எதுவும் பிசைவதில்லை. ஆகவே புத்திசாலித்தனம் வேறு, ஒத்துணர்வு வேறு. நூற்றுக்கு நூறு மார்க் வாங்கும் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

இதற்கு நம் மொழியில் ஓர் அழகான சொல் உண்டு. கண்ணோட்டம். இன்று 'பார்வை', 'கருத்து' என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். ஆனால் திருக்குறளின் 58-ஆவது அதிகாரத்துக்குத் தலைப்பான கண்ணோட்டம் இந்தப் பொருளில் அல்ல. துன்பப்படுகிறவர்மேல் நம் கண் ஓடிச் செல்வதே அங்கே கண்ணோட்டம். திருவள்ளுவர் இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இல்லறவியலில் அல்ல, துறவறவியலிலும் அல்ல. பொருட்பாலில், அரசியலில், குடிகள் அஞ்சும்படி நடக்காதே என்று சொல்லும் அதிகாரத்துக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறார். அதாவது, இது சாதுக்களுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ, அவர்களுக்கு அவசியம் வேண்டியது. வீட்டில் அதிகாரம் யார் கையில்? நம் கையில்தான்!

விதை பிறவியிலேயே இருக்கிறது

பிரசவ வார்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் பக்கத்துத் தொட்டில்களிலும் அழுகை தொற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 'சத்தத்துக்கு அழுகிறது' என்று நினைத்தார்கள். 1971-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு இன்னொரு பச்சைக் குழந்தையின் அழுகையையும், இயந்திரத்தில் உண்டாக்கிய அழுகை போன்ற சத்தத்தையும் தனித்தனியே கேட்கச் செய்தார்கள். உண்மையான அழுகைக்குத்தான் குழந்தைகள் அதிகம் அழுதன. வெறும் சத்தம் மட்டும் காரணம் அல்ல என்பது தெரிந்தது.

ஒன்றரை, இரண்டு வயதில் அடுத்த படி. அம்மா கண்ணைக் கசக்கினால் குழந்தை தன் பொம்மையைக் கொண்டு வந்து நீட்டும். தனக்கு எது ஆறுதலோ அதுவே அம்மாவுக்கும் ஆறுதல் என்று நினைக்கிறது. பாதிதான் சரி. ஆனாலும் கண் ஓடிவிட்டது அல்லவா? 'அம்மாவுக்குப் பொம்மை வேண்டாம், தண்ணீர் வேண்டும்' என்று தெரிந்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆகும்.

பெரியவர்களிடமும் இது வெறும் பேச்சு இல்லை. 2004-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. பெண்களின் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே, அவர்கள் கையிலும், அருகில் இருந்த அவர்கள் துணைவர் கையிலும் லேசான மின்சாரச் சுருக்கு கொடுத்தார்கள். துணைவருக்கு வலிக்கும்போது, அந்தப் பெண்ணின் மூளையில் வலியின் வேதனையை உணரும் பகுதிகள் வேலை செய்தன. உடம்பில் எந்த இடத்தில் வலி என்று காட்டும் பகுதி மட்டும் அப்படி வேலை செய்யவில்லை. 'உனக்கு அடிபட்டால் எனக்கு வலிக்கும்' என்று சொல்வது பாதிக்கு மேல் நிஜம்தான்!

முளைப்பது மடியில்

விதை எல்லோருக்கும் உண்டு. ஆனால் தண்ணீர்? அது முதலில் கிடைப்பது தாய் முகத்திலிருந்து.

1970-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சில மாதக் குழந்தையோடு சிரித்துக் கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் மரம் போல முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. குரல் கொடுக்கிறது. பலன் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில நிமிடங்களில் இவ்வளவு! அப்படியானால், தினமும் மணிக்கணக்கில் செல்போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும், சோறு ஊட்டும் நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்மாவை மட்டும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் முகம் உண்டு.

தன் அழுகையை ஒருவர் கவனித்தார் என்று அனுபவித்த குழந்தைதான், அடுத்தவர் அழுகையைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறது. ஒத்துணர்வை உபதேசம் செய்து ஊட்ட முடியாது. வாங்கினால்தான் கொடுக்க முடியும்.

எங்கள் ஊரில் கண் எப்படி அடைபட்டது?

இனி ஒரு கசப்பான கஷாயம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்தியம் பார்ப்பது தருமபுரி மாவட்டத்தில். பழைய தகடூர். அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மார் தட்டிச் சொல்லும் கதை அது. அதே மண்ணில்தான், 1990-களில், பிறந்த பெண் சிசுக்களை உயிரோடு விடாத கொடுமையும் நடந்தது. சேலம், மதுரை, தேனிப் பக்கங்களிலும் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இந்த மரணங்களுக்கு எதிரே எழுதப்பட்ட காரணம் என்ன தெரியுமா? 'சமூகக் காரணங்கள்'. இரண்டே வார்த்தை. படிக்கிறவர் கண் எங்கும் ஓடாதபடி மூடி வைத்த வார்த்தைகள்.

பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, மருந்துக் கடையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் நான் உட்கார்ந்த புதிது. ஒரு நாள் மதியம் இளம் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"பால் கட்டிக்கிச்சுங்க. வத்தறதுக்கு மருந்து குடுங்க."

"குழந்தை எங்கேம்மா?"

"தவறிடுச்சுங்க."

"என்ன குழந்தை?"

மாமியார்தான் பதில் சொன்னார். "பொட்டப்புள்ளைங்க."

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வைத்தியர்கள் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எனக்கு உள்ளே கொதித்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் முறையைச் சொன்னேன். உள்ளுக்கு ஒரு சூரணம் மடித்துக் கொடுத்தேன். அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்னொரு வார்த்தை பேசவில்லை. நாடி பார்க்கக்கூட அவள் கையைத் தொடவில்லை. அவளை அனுப்பிவிட்டு, நான் ஏதோ நியாயத்தின் பக்கம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தை நோயில் இறந்ததா, வேறு விதமாக இறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் திரும்ப வரவில்லை.

தெருவில் திறந்த கண்

1990-களின் கடைசியில், டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் என்ற பெயரில் தெரு நாடகங்கள் போட்டார்கள். நடித்தவர்கள் பெரிய நடிகர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், இளம் பெண்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. ஊர் நடுவில் பறை அடித்து ஆளைச் சேர்ப்பார்கள். பெண்ணாகப் பிறந்தவள் வீட்டில் படும் பாட்டை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள்.

ஒரு சாயங்காலம் நானும் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பெண் மடியில் துணிச் சுருள் ஒன்றைக் குழந்தையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நிற்பவர்கள் வரதட்சணைக் கணக்கைச் சொல்லிச் சொல்லி அவளை நெருக்கினார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தத் துணிச் சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கோ, பால் கட்டி வந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். தலை குனிந்த அந்த முகத்தை, பார்க்காமல் விட்ட அந்த முகத்தை, அன்றுதான் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். 'சிசுக்கொலை பாவம், சட்டப்படி குற்றம்' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். அது அறிவுக்குச் சொன்னது. நாடகம் அந்த இடத்தில் நம்மை உட்கார வைத்தது. குழந்தைக்காக மட்டுமல்ல, அந்தத் தாய்க்காகவும் வலித்தது. 'கல் நெஞ்சுக்காரி' என்று அவளைத் திட்டுகிறவரை யாரும் அவளுக்குத் துணையாகப் போவதில்லை. துணை இல்லாதவள் எதிர்த்து நிற்கப்போவதும் இல்லை.

அடுத்து வந்த வருடங்களில் பதிவேடுகளில் பெண் சிசு மரணம் குறைந்தது. நாடகத்தால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கும் வந்தது. கிராம செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பெண் பிள்ளைகள் அதிகம் படிக்க வந்தார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எங்கள் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 850-க்கும் குறைவாக இருந்த பெண்கள், 2011-ல் 900-ஐத் தாண்டினார்கள். வேலை முடிந்துவிட்டதா? இல்லை. கருவிலேயே ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து சொல்லும் கும்பல்கள் சமீப ஆண்டுகளிலும் இங்கே பிடிபட்டிருக்கின்றன. ஒரு தலைமுறையில் திறந்த கண் அடுத்த தலைமுறையில் மூடிக்கொள்ளலாம். தினமும் திறக்கத்தான் வேண்டும்.

நாடகம் தவிர இன்னொரு வழி, அருகில் இருப்பது. எங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலைகளை ஒட்டிய சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அங்கேயே குடியிருந்தார்கள். அந்த மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். பிரசவ வலியோடு வரும் பெண்ணின் பயம், அதே பாதையில் நடந்து வந்த இன்னொரு பெண்ணுக்குச் சொல்லாமலே விளங்கும் அல்லவா?

மூழ்கிவிடக் கூடாது

சிலர் இதற்கு நேர்மாறு. 'யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் எனக்குத் தூக்கம் போயிடுது டாக்டர்' என்பார்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மருமகள்கள், நர்சுகள், சிறப்புக் குழந்தைகளின் தாய்மார்கள் இப்படித்தான் வாடுகிறார்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் எரிச்சலாக மாறும். 'ஏன்தான் இன்னும் இருக்காங்களோ' என்று ஒரு நினைப்பு வரும், உடனே குற்ற உணர்ச்சியும் வரும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. களைத்துவிட்டார்கள்.

பயிற்சி ஆய்வுகளில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அடுத்தவர் வேதனையை அப்படியே உள்வாங்கப் பழகியவர்களுக்கு மனச்சுமை கூடியது. 'இவர் நன்றாக இருக்கட்டும், என்னால் ஆனதைச் செய்வேன்' என்ற அன்பு நினைவைப் பழகியபோது, அதே வேதனைக் காட்சிகளைப் பார்த்தும் மனம் தெம்பாக இருந்தது. கிணற்றில் விழுந்தவரைத் தூக்க நாமும் குதிக்க வேண்டியதில்லை. கரையில் கால் ஊன்றிக் கயிறு விட வேண்டும். அந்த மருமகளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுப்பதும் அந்தக் கயிற்றில் சேர்த்தி. வீட்டு ஆண்கள் கவனிக்கவும்!

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். "அழாதே" என்பதற்குப் பதில், "விளையாட்டில் சேர்த்துக்கலைன்னு வருத்தமா இருக்கா?" என்று கேளுங்கள். தன் வருத்தத்துக்குப் பெயர் தெரிந்த பிள்ளைக்குத்தான் அடுத்தவர் வருத்தம் அடையாளம் தெரியும்.

2. "ஆம்பளைப் பையன் அழலாமா?" என்ற வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். தன் அழுகையை முழுங்கப் பழகியவன், பிறகு மனைவி அழுகையையும் காதில் வாங்கமாட்டான்.

3. ஒரு வேளைச் சாப்பாடாவது டி.வி.யும் செல்போனும் இல்லாமல், முகம் பார்த்துச் சாப்பிடுங்கள்.

4. கதை சொல்லும்போது நடுவில் நிறுத்துங்கள். "இப்ப அந்த நரிக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

5. தவறு உங்களுடையதாக இருந்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா கோபத்துல கத்திட்டேன். உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்று சொல்வதால் உங்கள் மரியாதை குறையாது.

6. வீட்டு வேலைக்கு வருபவரை, குப்பை எடுப்பவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் குரல்தான் பாடப் புத்தகம்.

7. கையால் செய்யும் ஒரு பணிவிடையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். எங்கள் சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வகைத் தேர்வு உண்டு. நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றோடு ஸ்பரிசமும் நாடியும் அதில் அடக்கம். கையைப் பிடித்து மூன்று விரல் வைத்துக் காத்திருந்தால்தான் நாடி பேசும். தொட்டுக் காத்திருக்கும் அந்தப் பொறுமைதான் மனசுக்கும் மருந்து.

ஓர் எச்சரிக்கை. சில குழந்தைகளுக்கு முகக் குறிப்பைப் படிப்பது பிறவியிலேயே சிரமமாக இருக்கும். உள்ளே உணர்வு இருந்தும் வெளியே காட்டத் தெரியாது. அவர்களை 'கல்நெஞ்சு' என்று திட்டாதீர்கள். பேச்சு தாமதமாவது, கண் பார்க்காதது, அல்லது நாய், பூனைகளையும் மற்ற பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப வதைப்பது தெரிந்தால் குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ தாமதிக்காமல் பாருங்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பாட்டிக்கு முழங்கால் வலி. ஒரு சின்ன பாட்டில் தைலம் கொடுத்து, "தினமும் ராத்திரி பத்து நிமிஷம் நீதான் தேய்ச்சு விடணும். எங்கே வலி, எப்ப வலின்னு கேட்டு, அடுத்த தடவை வந்து எனக்குச் சொல்லணும். நீதான் என் கம்பவுண்டர்" என்றேன். பையனுக்கு உத்தியோகம் கிடைத்த பெருமை!

மூன்று வாரம் கழித்து வந்தான். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"டாக்டர், ஆயாவுக்குப் படி ஏறும்போதுகூட அவ்வளவா இல்லீங்க. எறங்கும்போதுதான் ரொம்ப வலிக்குதாம். அதான் அன்னிக்கு விழுந்துட்டாங்க. இப்ப நான் முன்னால எறங்கி நின்னு தோளைக் குடுக்கிறேன்."

அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவை மூடினேன்.